தேக்கடியா, பரம்பிக்குளமா?

இரண்டும் கேரளத்துக் காடுகள். இரண்டிலும் தேங்கும் தண்ணீர் பாய்வதோ தமிழ்நாட்டு வயல்களுக்கு. தேக்கடி ஏரி, 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டானது. பரம்பிக்குளத்தில் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என மூன்று நீர்த்தேக்கங்கள். பிஏபி எனப்படும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்ட வாய்க்காலை நம்பியிருக்கும் பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்கு இந்தப் பெயர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

போய்ச் சேருவதில் தேக்கடிக்குத்தான் வெற்றி. குமுளியில் இறங்கினால் காட்டு வாசல் பக்கத்திலேயே. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம். வயதானவர்களையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம். 2009 படகு விபத்துக்குப் பிறகு உயிர்காப்பு உடை போடாமல் யாரையும் ஏற்றுவதில்லை. நீரில் மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகளில் நீர்க்காகங்கள் சிறகு காய வைக்கும் காட்சி நிச்சயம். யானை? அது கோடையைப் பொறுத்தது. மழைக்காலத்தில் காடெங்கும் தண்ணீர் இருக்கும்போது அது ஏன் கரைக்கு வரவேண்டும்? அப்புறம், ஒரு மானைப் பார்த்ததும் மொத்தப் படகும் எழுப்பும் கூச்சல் இருக்கிறதே, அதற்குப் பயந்தே பாதி விலங்குகள் ஓடிவிடும்.

இதற்கு மாற்றும் தேக்கடியிலேயே உண்டு: மூங்கில் தெப்பம். காலையில் கிளம்பி, கொஞ்சம் நடை, கொஞ்சம் துடுப்பு என்று பகல் முழுக்கப் போகும். வழிகாட்டிகளில் சிலர் ஒருகாலத்தில் இதே காட்டில் திருட்டு வேட்டையாடியவர்கள். தடம் பார்ப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் சாலை வழி தமிழ்நாடு வழியாகத்தான்: பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப், ஆனப்பாடி. இரண்டு மாநிலச் சோதனைச்சாவடி, இரண்டு கட்டணம். அலைச்சல்தான். ஆனால் ஆனப்பாடியில் வனத்துறை வண்டி ஏறியதிலிருந்து காட்டெருமைக் கூட்டங்களும் மான்களும் சாலையோரத்திலேயே நிற்கும். தூணக்கடவு அருகே கன்னிமாரா தேக்கு. சில பேர் கைகோர்த்தால்தான் அதைச் சுற்றி வளைக்க முடியும். வண்டியோட்டுபவர், வழிகாட்டி எனப் பலரும் காடர், மலசர் போன்ற உள்ளூர்ப் பழங்குடி மக்கள்.

ஒரே பகலில் திரும்ப வேண்டுமென்றால் தேக்கடி போதும். ஓர் இரவு தங்க முடிந்தால், தயங்காமல் பரம்பிக்குளம் என்பேன். நீர்த்தேக்கத்துக்கு நடுவே வீட்டிக்குன்னு தீவில் உள்ள தங்குமிடத்தை மட்டும் முன்பே பதிவுசெய்துவிடுங்கள். நேரில் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம்.