முன் கண்ணாடிக்கு ஸ்ப்ரே, சைடு மிரருக்கு ஸ்டிக்கர்

மழைத்தண்ணீர் கண்ணாடியில் ஒட்டாது என்று சொல்லி விற்கும் ஸ்ப்ரே ஒன்று, மிரர் மேல் ஒட்டும் மழை ஸ்டிக்கர் ஒன்று, இரண்டையும் இந்த மழைக்காலம் முழுக்க என் லாரியில் போட்டு ஓட்டினேன். இரண்டும் நல்ல சரக்குதான். இடம் மாற்றிப் போட்டால்தான் காசு தண்டம்.

முன் கண்ணாடியில் ஸ்ப்ரே பிரமாதம். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரள்கிறது. வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்றே அதை விரட்டிவிடுகிறது. லாரிக் கண்ணாடி கார் மாதிரி சாய்ந்திருக்காது, செங்குத்தாக நிற்கும். அதனால் நடுவில் உள்ள துளிகள் கொஞ்சம் தயங்கித்தான் நகரும். அடிப்பதற்கு முன்னால் டீசல் புகைப் பிசுக்கை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பிசுக்கோடு அடித்தால் வைப்பர் கடகடவென்று துள்ளும்.

அதே ஸ்ப்ரேயை மிரரில் அடித்தால் கதை வேறு. மிரர் பின்பக்கம் பார்த்து, கூட்டுக்குள் காற்றுக்கு மறைவாக இருக்கிறது. துளிகளை விரட்ட அங்கே ஆளில்லை. பெரிய துளி தன் கனத்திலேயே வழிந்துவிடும், பொடித்துளி அப்படியே உட்கார்ந்திருக்கும். ராத்திரியில் பின்னால் வருகிற ஒரு ஹெட்லைட் ஒவ்வொரு துளியிலும் தனியாக மின்னும். வருவது ஒரு பைக்கா, ஒரு ஊர்வலமா என்றே தெரியாது.

மிரருக்கு வேண்டியது ஸ்டிக்கர்தான். இதன் மேல்பூச்சு தண்ணீரைத் திரளவிடாது, மெல்லிய ஏடாகப் பரப்பிவிடும். ஏடு தட்டையாக இருப்பதால் பின்னால் வரும் வண்டி ஒரே உருவமாகத் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், கொட்டுகிற மழையில்தான் இது நன்றாக வேலை செய்கிறது. லேசான தூறலில் ஏடு முழுதாகக் கூடாமல் கொஞ்சம் மங்கும்.

ஒட்டும்போது அவசரம் கூடாது. மிரரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் இருக்கும்போதே ஸ்டிக்கரை வைத்து, பழைய அட்டை ஒன்றால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். முன்பக்கமும் ஒரு பாதுகாப்புத் தாள் இருக்கும். அதை உரிக்காமல் விட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று திட்டுகிறவர்கள் நிறைய. நன்றாக வளைந்த குட்டி மிரரில் மட்டும் ஓரம் சுருங்குகிறது, அதற்கு ஒட்டாமல் விடுவதே மேல்.

கதவுக் கண்ணாடிக்கு ஸ்ப்ரே போதும், வெளிப்பக்கம் மட்டும். உள்ளே படிகிற ஆவிக்கு ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டாலே தெளிந்துவிடும். நனைந்த ரெயின்கோட்டை கேபினுக்குள் தொங்கவிட்டால் மட்டும் அதுவும் தாங்காது.

ஸ்டிக்கரின் பெரிய குறை, பூச்சு மென்மையானது. வேஸ்ட் துணியால் உலரத் துடைத்தால் கீறல் விழும், மெழுகு கலந்த வாஷ் பட்டால் தண்ணீர் பழையபடி முத்தாகிவிடும். சேறு தெறித்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதோடு சரி. வண்டியை வாஷ் கொடுக்கும்போது மிரரில் கை வைக்காதே என்று தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.