டிசிஎஸ் ஸ்பிட்ஃபயர் மார்க் 9: பாடம் தரையிலேயே தொடங்குகிறது

ஈகிள் டைனமிக்ஸின் டிசிஎஸ் வேர்ல்டு என்ற கணினி விமான சிமுலேட்டருக்கு ஸ்பிட்ஃபயர் எல்.எஃப். மார்க் 9 மாட்யூல் (தனியாக வாங்கிச் சேர்க்கும் விமானம்) 2016 டிசம்பரில் வந்தது. இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்றை முறையாக ஓட்டப் பழக நினைப்பவர்களுக்கு இன்றைக்கும் இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. வாத்தியார் கண்டிப்பானவர். மேலே போய்விட்டால் விரல் அசைத்த பக்கம் திரும்பும் விமானம், ரன்வேயில் ஒரு நொடி கவனம் பிசகினால் இறக்கை நுனியைத் தரையில் தேய்த்துவிடும்.

விலை ஏறத்தாழ 50 டாலர். ஆனால் எடுத்தவுடன் வாங்காதீர்கள். டிசிஎஸ் வேர்ல்டு இலவசம், அதோடு ஆயுதமில்லாத டி.எஃப்.-51டி மஸ்டாங்கும் இலவசமாகவே வருகிறது. முதலில் அதில் பழகுங்கள். மஸ்டாங்கில் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் வால்சக்கரம் பூட்டிக்கொண்டு, ரடருக்கு (பெடலால் இயங்கி மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு) ஏற்ப இருபுறமும் 6 டிகிரி மட்டுமே திரும்பும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பூட்டு கிடையாது. ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் போல எந்தப் பக்கமும் சுழலும். மஸ்டாங்கை நேர்கோட்டில் இறக்கக் கை வந்தபிறகு, ஸ்பிட்ஃபயரை 14 நாள் இலவசச் சோதனையில் எடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனை வசதி ஸ்டீம் என்ற கேம் கடையில் இல்லை, நிறுவனத்தின் நேரடிப் பதிப்பில்தான் உண்டு.

ஓட்டும் முன் நான்கு அமைப்புகள். ஸ்பிட்ஃபயரின் எலிவேட்டர் (மூக்கை மேலும் கீழும் அசைக்கும் வால் தகடு) மிகக் கூர்மையானது. மேசை ஜாய்ஸ்டிக்கின் குட்டை அசைவுக்கு அது துள்ளும். எலிவேட்டரை இயக்கும் பிட்ச் அச்சுக்கு 15 முதல் 20 வரை வளைவு கொடுங்கள், நடுப்பகுதியில் துள்ளல் அடங்கும். ரடருக்கு டெட்ஸோன் (அசைத்தாலும் விளைவில்லாத நடுப்பகுதி) பூஜ்யம். சிமுலேட்டர் அமைப்புகளின் ஸ்பெஷல் பக்கத்தில் உள்ள டேக்-ஆஃப் உதவியையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் நீங்கள் திருத்துவதும் அது திருத்துவதும் ஒன்றோடொன்று மோதும். பிரேக்கைப் பெடல் நுனிகளில் தேடி ஏமாறுபவர்கள் நிறையப் பேர். ஸ்பிட்ஃபயரின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது, ஸ்டிக்கில் ஒரே ஒரு நெம்புகோல். அதை அழுத்தியபடி எந்தப் பக்க ரடரை மிதிக்கிறோமோ அந்தப் பக்கச் சக்கரம் பிடிக்கும். அதற்கு ஒரு தனி அச்சு ஒதுக்குங்கள். பட்டனில் வைத்தால் முழு பிரேக் விழுந்து விமானம் மூக்கைக் குத்தும்.

இஞ்சின் கிளப்புவதில் பெரும்பாலோர் தவறுவது ஓர் இடத்தில்தான். பிரைமர் பம்ப் அடித்த பெட்ரோலில் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் 66 இஞ்சின் பற்றியவுடன், எரிபொருளை நிறுத்தும் கட்-ஆஃப் நெம்புகோலை ஓடும் நிலைக்குத் தள்ள வேண்டும். மறந்தால் சில நொடிகளில் அணைந்துவிடும். ஆயில் 15 டிகிரி, கூலன்ட் 60 டிகிரி தொட்டதும் கிளம்பிவிடுங்கள். தரையில் நின்றுகொண்டே இருந்தால் கூலன்ட் சூடு மளமளவென்று ஏறும்.

டேக்-ஆஃபுக்கு ரடர் டிரிம் (ரடரை ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கும் அமைப்பு) முழுக்க வலப்பக்கம். ஆர்.பி.எம். நெம்புகோல் முழுக்க முன்னால். முழு த்ராட்டில் ஆசை வேண்டாம், பூஸ்ட் (இஞ்சினுக்குள் கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம்) +7 அல்லது +8 தாராளமாகப் போதும். அதையும் மெதுவாக ஏற்றுங்கள். விமானிக்குப் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுவதால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வால் எழும்பும் கணத்தில், சுழலும் புரொப்பெல்லரின் ஜைரோ விசையும் சேர்ந்துகொண்டு இன்னும் பலமாக இழுக்கும். இடது சக்கரமும் அழுந்தும், ஆகவே வலப்பக்கம் சற்றே எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) கொடுங்கள். ரடரை மிதித்தபடியே வைத்திருக்கக் கூடாது. குட்டிக் குட்டியாகத் தட்டித் தட்டி விட வேண்டும். எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு ஐந்து டிகிரி திரும்பியபிறகு மிதித்தால் வால் மீதித் தூரத்தைத் தானே சுற்றி முடித்துவிடும்.

இஞ்சின் வரம்புகளை ஒரு தாளில் எழுதித் திரையருகே ஒட்டிக்கொள்ளுங்கள். 3000 ஆர்.பி.எம்., +18 பூஸ்ட் ஐந்து நிமிடம். 2850, +12 ஏறுவதற்கு. 2650, +7 எவ்வளவு நேரமும். வேகத்தை இழந்து, முழு பூஸ்டில் செங்குத்தாக ஏறினால் ரேடியேட்டருக்குக் காற்று போதாமல் இஞ்சின் சாகும். சக்தியைக் கூட்டும்போது ஆர்.பி.எம். முதலில், பூஸ்ட் பிறகு. குறைக்கும்போது வரிசை தலைகீழ்.

குறைகளும் உண்டு. கணினி ஓட்டும் எதிரி விமானங்கள் உங்களுடையதைவிட எளிமையான பறத்தல் கணக்கில் இயங்குகின்றன. அதனால் சண்டைப் பயிற்சிக்கு ஆன்லைனில் மனிதர்களோடு மோதுவதே மேல். நார்மண்டி, சேனல் வரைபடங்களுக்கும் இரண்டாம் உலகப்போர் வாகனத் தொகுப்புக்கும் தனித்தனியாகப் பணம். பணம் கொடுத்தால் முதலில் சேனல் வரைபடத்துக்குக் கொடுக்கலாம். அதிலுள்ள மான்ஸ்டன் விமானத் தளம் பழகுவதற்கு வசதி. இல்லாவிட்டால் இலவசமாக வரும் காகசஸ் வரைபடமே போதும்.

இறங்கும்போது சக்கரம், ஃபிளாப் (வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்புறம் இறக்கும் தகடு) இரண்டையும் இறக்க, மணிக்கு 160 மைல் வேகத்துக்குக் கீழே வந்தாக வேண்டும். ஃபிளாப்பில் பாதி என்பதே கிடையாது, முழுக்க மேலே அல்லது முழுக்கக் கீழே. நேராக வந்தால் நீண்ட மூக்கு ரன்வேயையே மறைத்துவிடும். அதனால் வளைந்தபடியே இறங்கி, கடைசியில்தான் நேராக வேண்டும். ரன்வே விளிம்பைத் தாண்டும்போது 95 மைல். த்ராட்டிலைக் குறைத்து, ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்து, மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட வையுங்கள். தொட்டபிறகு பார்வை ரன்வேயின் தூரத்து முனையில் இருக்கட்டும், ஸ்டிக் வயிற்றிலேயே இருக்கட்டும். வேகம் நடை அளவுக்குக் குறையும்வரை பாதங்கள் ரடரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விமானங்கள் பெரும்பாலும் உடைவது அந்தக் கடைசி 30 மைல் வேகத்தில்தான். ரடருக்குக் காற்றின் பிடி போயிருக்கும், வால்சக்கரத்துக்கோ பூட்டு இல்லை. மிச்சம் இருப்பது பிரேக் மட்டும், அதையும் பூப்போலத் தொட வேண்டும்.