கலர் டெஸ்ட் கிட் வாங்குமுன்: லேபில் இருப்பவனின் கருத்து

பிடிபட்ட பவுடர் போதைப்பொருளா என்று அங்கேயே வைத்துச் சோதிக்கிறார்களே, அந்தக் கலர் டெஸ்ட் கிட் பற்றி. கம்பெனிப் பெயர் வேண்டாம், இந்த வகையில் எல்லாமே ஏறக்குறைய ஒரே ஜாதிதான். தடித்த பிளாஸ்டிக் பை, உள்ளே வரிசையாகச் சின்னக் கண்ணாடி ஆம்பூல்கள், கூடவே ஒரு கலர் அட்டை. குண்டூசித் தலை அளவு சாம்பிளைப் போட்டு, கிளிப்பை மூடி, ஆம்பூல்களை வரிசைப்படி உடைத்துக் குலுக்கி நிறத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பை உறுதியாகவே இருக்கிறது. மார்க்விஸ் என்ற வகைப் பைக்குள் இருப்பது அடர் கந்தக அமிலமும் ஃபார்மால்டிஹைடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. மார்க்விஸில் ஹெராயின் என்றால் ஊதா, எம்டிஎம்ஏ (எக்ஸ்டஸி மாத்திரையில் இருப்பது) என்றால் கிட்டத்தட்டக் கறுப்பு, ஆம்ஃபெட்டமின் வகை என்றால் ஆரஞ்சில் தொடங்கிப் பழுப்புக்குப் போகும், எல்லாம் சில நொடிகளில். சைமன் என்ற இன்னொரு வகைப் பையும் சேர்த்து வாங்கினால் மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) நீலமாகும், ஆம்ஃபெட்டமின் ஆகாது. அது செகண்டரி அமீனை (நைட்ரஜனோடு இரண்டு கார்பன் தொகுதிகள் இணைந்த அமைப்பு, மெத்தில் உண்டு, ஆம்ஃபெட்டமினில் இல்லை) மட்டும் பிடிக்கும் சோதனை.

எனக்குக் கோபம் வருவது அந்த அட்டை மேல்தான். ஆரஞ்சுப் பட்டைக்குக் கீழே ஒரே ஒரு பெயர். ஃபென்டனில் என்ற வீரியமான வலிநிவாரணியும் மார்க்விஸில் ஆரஞ்சு காட்டும், வெறும் சர்க்கரைகூட அந்த அமிலத்தில் கருகிப் பழுப்பாகும், இதையெல்லாம் அட்டையில் போட இடமில்லையா? கோகைன் பை இன்னும் மோசம். அதில் இருக்கும் கோபால்ட் தயோசயனேட் நீலமானதும் முடித்துவிடுகிறார்கள், ஆனால் மரத்துப்போக ஊசியில் போடும் லிடோகைனும் அலர்ஜி மாத்திரை டைஃபென்ஹைட்ரமினும் அதே நீலத்தைத் தரும். ஸ்காட் முறை என்ற மூன்று படிச் சோதனையில் அடுத்து அமிலம் விட்டு இளஞ்சிவப்பாகிறதா, அப்புறம் குளோரோஃபார்ம் விட்டால் அடி அடுக்கு நீலமாகிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் முடிவான சோதனை இல்லை, ஆனாலும் எவ்வளவோ தேவலை. கஞ்சாப் பைக்கோ, போதை தரும் டிஎச்சியும் போதை தராத சிபிடியும் ஒன்றுதான்.

இன்னொன்று, வெற்றுப் பை. சாம்பிள் போடாமல் ஒன்றை உடைத்துப் பார்த்தால்தான் ரீஏஜென்ட் (ஆம்பூலில் உள்ள சோதனைத் திரவம்) கெட்டுவிட்டதா என்று தெரியும், அதற்கென்று பெட்டியில் ஒரு பைகூட இல்லை. மஞ்சள் தெருவிளக்கில் நிறம் பார்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எஸ்டபிள்யூஜிடிரக் (பிடிபட்ட போதைப்பொருள் ஆய்வுக்கான நிபுணர் குழு) வழிகாட்டுதலில் கலர் டெஸ்ட் 'சி' பிரிவு, அதாவது கடைசி. ஏன் என்பதற்கு ஒரு உதாரணம். மெத் மாதிரியே பளபளக்கும் படிகமாக என்-ஐசோப்ரொப்பைல்பென்சைலமின் என்ற வேறொரு பொருள் வருகிறது. இரண்டுக்கும் மூலக்கூறு எடை 149. ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து, மூலக்கூறு உடைந்த துண்டுகளின் எடையைக் காட்டும் லேப் கருவி) ஏற்றினால் மெத்துக்கு 58-இல் பெரிய பீக் எழும்பும், மற்றதற்கு 91-உம் 134-உம் தூக்கலாக நிற்கும், வெளிவரும் நேரமும் வேறு. இந்த அளவு விவரம் ஒரு பையின் நிறத்தில் கிடைக்காது.

5-க்கு 3 கொடுப்பேன். குவியலாகப் பிடிபட்டதில் எதை முதலில் லேபுக்கு அனுப்பலாம் என்று பிரிக்க வாங்கலாம், ஒருவரைக் குற்றவாளி என்று எழுத வாங்காதீர்கள். படிவத்தில் 'உறுதி' என்று போடாமல் 'இருக்கலாம்' என்று போடுங்கள். சாம்பிளும் மிச்சம் இருக்கட்டும், பைக்குள் போனது திரும்பி வராது. அப்புறம், உடைத்த பையைத் தயவுசெய்து சாம்பிள் உறைக்குள்ளேயே போட்டு அனுப்பாதீர்கள்; அமிலம் கசிந்து லேபிளே படிக்க முடியாமல் வருகிறது.