ரேடாரும் கேமராவும்: எந்தக் கட்டத்தில் கலப்பது?

தானோட்டி வாகனத்துக்கு ரேடார் தேவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2021 மே மாதம் வட அமெரிக்காவுக்கான மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து ரேடாரை எடுத்துவிட்டு கேமராவை மட்டும் நம்புவதாக டெஸ்லா அறிவித்தது. அந்தப் பக்கத்தின் வாதத்தில் நியாயமான கேள்வி ஒன்று உண்டு: இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னால் யாரை நம்புவது? என் கணிப்பில், அந்த முரண்பாட்டின் பெரும்பகுதி, இரண்டின் தகவலையும் நாம் கலக்கும் இடத்தால் வருவது. சென்சாரிலிருந்து முடிவு வரை போகும் கணக்கில் கடைசியில், ஆரம்பத்தில், நடுவில் என்று மூன்று இடங்கள் உண்டு.

முதலில் இரண்டு சென்சார்களின் பலவீனத்தையும் எண்ணில் பார்த்துவிடலாம். 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை (அதிர்வெண் அகலம்) கொடுத்தால் தூரத்தை 15 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் பிரித்துக் காட்டும். டாப்ளர் வழியாக, அதாவது எதிரொலியின் அதிர்வெண் மாறுவதை வைத்து, வேகத்தையும் நேரடியாகத் தந்துவிடும். கோணத்தில்தான் தடுமாற்றம். 12 மெய்நிகர் ஆன்டெனாக்கள் (அனுப்பும், வாங்கும் ஆன்டெனாக்களின் சேர்க்கைகள்) கொண்ட எளிய ரேடாரால் ஏறக்குறைய 9 டிகிரிக்குள் இருக்கும் இரண்டு பொருட்களைப் பிரிக்க முடியாது. 50 மீட்டர் தொலைவில் அது 8 மீட்டர் அகலம். இரண்டு வழித்தடங்கள் அதற்குள் அடங்கிவிடும்.

கேமரா அப்படியே தலைகீழ். 60 டிகிரி பார்வைக்கு 1920 பிக்சல் என்றால் கோணம் துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் 50 மீட்டரில் நிற்கும் 1.7 மீட்டர் உயர ஆள் படத்தில் சுமார் 56 பிக்சல்தான். ஒரு பிக்சல் பிசகினால் தூரத்தில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் பிசகும். 100 மீட்டரில் அதே ஒரு பிக்சல் மூன்றரை மீட்டரைத் தாண்டும். அதுவும் ஆளின் உயரம் தெரிந்திருந்தால்!

சரி, கடைசியில் கலக்கும் முறைக்கு வருவோம். கேமரா தான் கண்ட பொருட்களின் பட்டியலைத் தரும், ரேடார் தன் பட்டியலைத் தரும். இரண்டையும் பொருத்தி, கால்மன் வடிகட்டி (முந்தைய கணிப்பையும் புது அளவீட்டையும் எடைபோட்டுச் சேர்க்கும் கணக்கு) வைத்துத் தடம் பிடிப்பார்கள். ஓட்டுநர் உதவி அமைப்புகளில் நெடுங்காலமாகப் புழங்கும் வழி இது. காரணம் எளிது: கேமரா ஒரு நிறுவனத்திடமிருந்தும் ரேடார் இன்னொன்றிடமிருந்தும் வாங்கலாம், தனித்தனியாகச் சோதிக்கலாம், ஒன்று செத்தால் மற்றது பாட்டுக்கு ஓடும்.

விலை என்னவென்றால், பட்டியலாகச் சுருக்கும்போதே சான்று தொலைந்துவிடுகிறது. நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒருவர் சாலைக்குள் கால் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமராவுக்குத் தெரிவது பாதி உடல். நம்பிக்கை மதிப்பு 0.35. ரேடாரில் அவருடைய மெல்லிய எதிரொலி வேனின் பெரிய எதிரொலியோடு ஒட்டிக் கிடக்கிறது. அவர் குறுக்கே நடப்பதால் நம்மை நோக்கிய வேகம் ஏறக்குறைய பூஜ்யம், ஆகவே டாப்ளரும் அவரை அவ்வளவாகப் பிரித்துக் காட்டாது. இரண்டு பக்கமும் வாசல், அதாவது ஏற்றுக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச நம்பிக்கை, 0.5 என்று வைத்திருந்தால், இரண்டும் அவரைக் கழித்துவிடும். கலக்கும் கட்டத்துக்கு வந்து சேரும்போது அங்கே ஆளே இல்லை.

நின்ற பொருள் சிக்கலும் இதே வகை. உயரம் அளக்காத ரேடாருக்குச் சாலைக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகையும் சாலையில் நிற்கும் லாரியும் ஒன்றுபோல. வீணாகப் பிரேக் பிடிக்காமல் இருக்க, பல அமைப்புகள் நின்ற எதிரொலிகளை மொத்தமாக ஒதுக்கிவிடுகின்றன. ஒதுக்கியதில் லாரியும் போய்விடுகிறது.

பட்டியல் தர்க்கம் எவ்வளவு மோசமாகச் சொதப்பும் என்பதற்கு 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் உயிரிழந்த விபத்து சான்று. ஊபரின் சோதனை வாகனம் மோதலுக்கு 5.6 வினாடி முன்பே அவரைக் கண்டுவிட்டது என்கிறது விசாரணை அறிக்கை. பிறகு வாகனம், வேறு ஏதோ, சைக்கிள் என்று வகை மாறிக்கொண்டே இருந்தது. வகை மாறிய ஒவ்வொரு முறையும் அதுவரை அவர் நகர்ந்த தடம் கணக்கில் எடுக்கப்படவில்லை. சென்சார்கள் பார்த்தன, பின்னால் இருந்த தர்க்கம் தவறவிட்டது.

ஆரம்பத்திலேயே கலப்பது இதற்கு நேர் எதிர்: ரேடார் புள்ளிகளைப் படத்தின் மேல் எறிந்து, கூடுதல் தளமாக நரம்பு வலையமைப்புக்கு (நியூரல் நெட்வொர்க்) ஊட்டுவது. 2019இல் வந்த சிஆர்எஃப்-நெட் என்ற ஆய்வு வலையமைப்பு நல்ல உதாரணம். புள்ளியின் உயரம் தெரியாது என்பதால் ஒவ்வொன்றையும் 3 மீட்டர் செங்குத்துக் கோடாக நீட்டினார்கள். வலையமைப்பு கேமராவையே நம்பிச் சோம்பேறியாகிவிடாமல் இருக்க, பயிற்சியின்போது அவ்வப்போது கேமராவை முழுக்க இருட்டாக்கினார்கள். சாமர்த்தியமான வேலைதான். ஆனாலும் அடர்ந்த பிக்சல்களுக்கு நடுவே சில நூறு புள்ளிகள் தூவினதுபோல் கிடக்கும். படத்தளம் ரேடாருக்குச் சொந்த ஊரும் இல்லை. இந்த வழிக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

நடுவில் கலப்பதில், அதாவது வலையமைப்பு பாதி வழியில் எடுத்த அம்சங்களைச் சேர்ப்பதில், 2021இன் சென்டர்ஃபியூஷன் முறை ஒரு படி. கேமரா முதலில் பொருளைக் கண்டுபிடிக்கும். அது இருக்கும் திசையில் உள்ள ரேடார் புள்ளிகளைச் சேர்த்துத் தூரத்தையும் வேகத்தையும் திருத்தும். கேமரா தவறவிட்டது தவறவிட்டதுதான்.

அப்புறம் வந்த சிஆர்என், ஆர்சிபிஇவிடெட் போன்றவை இரண்டையும் மேலிருந்து பார்க்கும் தளத்துக்குக் கொண்டுவந்து கலக்கின்றன. அந்தத் தளத்தில் கேமராவின் சான்று ஒரே கதிர்க்கோட்டில் நீளமாகப் பரவிக் கிடக்கும். ரேடாரின் சான்று ஒரே தூரத்தில் அகலமாகப் பரவிக் கிடக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பொருள் இருக்கும். வேனுக்குப் பின்னாலிருந்து வந்தவரின் இரண்டு அரைகுறைச் சான்றுகளும் இங்கே ஒரே இடத்தில் கூடும், வாசல் அதற்குப் பிறகுதான். 2023இல் வெளியான சிஆர்என் வினாடிக்கு 20 சட்டக (படம்) வேகத்தில், லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்) முறைகளோடு ஒப்பிடத்தக்க முடிவைக் காட்டியது.

ஆனால் இத்தகைய முறைகள் வாங்கும் மதிப்பெண்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவை பாஸ்டனிலும் சிங்கப்பூரிலும் பதிவான 1000 காட்சிகள் கொண்ட நியூசீன்ஸ் என்ற பொதுச் சோதனைத் தரவில் எடுத்தவை. அதன் மொத்த மதிப்பெண்ணில் பாதி கண்டறிதலுக்கு. மீதிப் பாதி ஐந்து பிழைகளுக்குச் சமமாகப் பிரிகிறது, அதில் ஒன்று வேகம். டாப்ளர் கையில் இருப்பவருக்கு அந்தப் பங்கு எளிதில் ஏறும். கண்டறிதலிலும் பொருத்தம் பார்ப்பது தரைத்தளத்தில் மையங்களுக்கு இடையிலான தூரத்தை வைத்துத்தான், ஆகவே உயரத்தில் செய்த தவறு அங்கே தண்டனை பெறாது. பெயர்ப்பலகையா லாரியா என்ற நம் கவலைக்கு அந்த எண் பதில் சொல்லாது. மொத்த மதிப்பெண்ணைக் காட்டி யாராவது அசத்தினால், கண்டறிதலைத் தனியாக, மழையைத் தனியாக, இரவைத் தனியாகக் கேளுங்கள்.

நடுக்கலப்பின் மற்ற செலவுகளும் சின்னவை இல்லை. ரேடார் மாதிரியை மாற்றினால் மறுபயிற்சி. தப்பு நடந்தால் எந்தச் சென்சாரால் என்று சொல்வது கஷ்டம். ஒன்று இல்லாமலும் ஓடப் பயிற்சி தராவிட்டால், ஒரு கேபிள் கழன்றாலும் மொத்தமும் தள்ளாடும்.

அதனால் என் தேர்வு இப்படி: முழுத் தானோட்டிக்கு மேலிருந்து பார்க்கும் தளத்தில் நடுக்கலப்பு, அவசரப் பிரேக்குக்கு மட்டும் அதைச் சாராத கடைசிக் கலப்புப் பாதை ஒன்று தனியாக. வெறும் வேகக் கட்டுப்பாடும் பிரேக் உதவியும் போதும் என்றால் கடைசிக் கலப்பே போதும். நின்ற எதிரொலிகளை ஒதுக்காமல் இருக்க, உயரமும் அளக்கும் 4டி ரேடாரில் பணத்தைப் போடுவது மேல்.

எதை எடுத்தாலும் வாங்கும் முன் மூன்று சோதனை செய்து பாருங்கள். ஒரு சென்சாரை அணைத்து ஓட்டுங்கள். ரேடாரின் திசையை 1 டிகிரி திருப்பி வையுங்கள்; 100 மீட்டரில் அது 1.75 மீட்டர் விலகல். ஒன்றின் நேரமுத்திரையை (அளவெடுத்த நேரக் குறிப்பை) 50 மில்லிவினாடி தள்ளுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும்.