கொழிஞ்சாம்பாறை வெயிலில் ஒரு சல்காட்டா ஆமை: சில வருட அனுபவம்

கோவையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த சல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமை, கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். வரும்போது இரண்டு உள்ளங்கையில் அடங்கியது. இப்போது தேங்காய் நிறுக்கும் தராசில் 15 கிலோவைத் தாண்டி நிற்கிறது. புதிதாக ஆமை கொண்டுவர நினைப்பவர்கள் எப்படிப் பழக்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், இடத்தைச் சரியாக அமைத்துக் கொடுத்துவிட்டால் ஆமை தானாகப் பழகிக்கொள்ளும். இடம் சரியில்லாவிட்டால் எத்தனை பாசம் காட்டினாலும் அது தேறாது.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமை கிடைக்குமா என்று இன்னும் கேட்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். நம் காட்டு ஆமைகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் 1972 வனஉயிரினச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமை இப்போது அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தருகிற முதல் அட்டவணையில் இருக்கிறது. மாட்டினால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. கடத்தலில் பிடிபட்டவற்றைக் கேரள வனத்துறை உடுமலை-மூணாறு சாலையில் உள்ள சின்னாரில் பராமரித்து மீண்டும் காட்டில் விட்டிருக்கிறது. அவை அங்கே இருப்பதுதான் நியாயம்.

சல்காட்டா ஆப்பிரிக்காவின் சஹாரா ஓரத்து நாடுகளைச் சேர்ந்தது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் இதையும் பதிவு செய்தே வைத்திருக்க முடியும். 2024 பிப்ரவரியில் விதிகள் வந்ததும், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசத்துக்குள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிந்துவிட்டோம். கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து மாநில எல்லை தாண்டி வந்த விலங்கு என்பதால் எங்களுக்குக் கூடுதல் கவனம். யாராவது காகிதம் இல்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கிறது எங்கள் ஊர். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் மேற்கே பெய்கிற மழையில் ஒரு பங்குதான். பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பாலைவன ஓரத்து ஆமைக்கு நல்லதுதானே என்று தோன்றும். பாதி சரி. சொந்த ஊரில் இது உச்சி வெயிலில் வெளியே திரிவதில்லை. பல அடி ஆழத்துக்கு வளை தோண்டி உள்ளே போய்விடும். எங்களுடையது கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் களியாகி இடியும். இந்த மண்ணில் ஆமை தானே தோண்டிய வளையை நம்ப முடியாது. அதனால் வேப்பமரத்தடியில் மேட்டை உயர்த்தி, ஹாலோபிளாக் கல்லில் தாழ்வான ஒரு கொட்டில் கட்டி, மேலே பனையோலை வேய்ந்தோம். தரையில் மணலும் மண்ணும் கலந்து கொட்டியிருக்கிறோம். நண்பகலில் கையை உள்ளே விட்டால் வெளியே இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சுற்றுச்சுவர் பற்றி ஒரு வார்த்தை. கம்பி வலை போடாதீர்கள். அந்தப் பக்கம் தெரிந்தால் ஆமை போக வழி இருப்பதாக நினைத்து நாள் முழுக்க முட்டிக்கொண்டே நடக்கும், மூக்கு தேய்ந்து புண்ணாகும். கண்ணுக்கு மறைக்கிற கெட்டிச் சுவர் வேண்டும், அடியில் அரையடியாவது மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

கொண்டுவந்த அன்று காய்ந்த புல் போட்ட அட்டைப்பெட்டியில் வந்தது. வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில், தலை மூழ்காத ஆழத்தில், கொஞ்ச நேரம் உட்கார வைத்தோம். நிறையக் குடித்தது. அப்புறம் கொட்டிலில் விட்டுவிட்டு விலகிவிட்டோம். முதல் சில நாள் மூலையில் தலையை இழுத்துக்கொண்டு கிடந்தது, ஒரு இலை தொடவில்லை. பிள்ளைகளுக்குத் தூக்கிப் பார்க்க ஆசை. வேண்டாம் என்று தடுத்தேன். இடம் மாறிய ஆமை சில நாள் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கு காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே இடத்தில் தீனி வைத்தோம். ஒருநாள் செம்பருத்திப் பூவைக் கடித்தது. அதன் பிறகு கவலைப்பட ஒன்றும் இல்லை. இப்போது கேட் சத்தம் கேட்டால் அதுவாகவே நடந்து வருகிறது.

பழைய வீட்டில் வெள்ளரிக்காயும் தக்காளியும் கொடுத்து, கண்ணாடி ஜன்னலோரம் வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஓடு உறுதியாக வளர வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். கண்ணாடி அதைத் தடுத்துவிடும். குஞ்சுப் பருவத்தில் ஈரப்பதமும் போதாமல் போனதால் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் சிறு கோபுரம்போல எழும்பியிருந்தது. அந்த மேடு இனி இறங்காது. ஆனால் இங்கே வந்த பிறகு வளர்ந்த ஓடு கட்டங்களுக்கு நடுவே சமமாக, வழுவழுப்பாக இருக்கிறது. பழைய வாழ்க்கையும் புதிய வாழ்க்கையும் எங்கே பிரிகிறது என்று விரலை வைத்துக் காட்டலாம். எனக்கு இதைவிடச் சந்தோஷம் தந்த விஷயம் வேறில்லை.

தீனி விஷயத்தில் நம் ஊருக்கு ஈடில்லை. இதற்கு வேண்டியது புல், அதுவும் நார் நிறைந்த புல். அருகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும்தான் எங்களிடம் முக்கால்வாசித் தீனி. கோடையில் காய்ந்த புல்லைத் தண்ணீர் தெளித்து வைக்கிறோம். செம்பருத்தி இலை, பூ, முசுக்கொட்டை இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல் எல்லாம் மாற்றி மாற்றி. முருங்கைக்கீரை எப்போதாவது. பசலைக்கீரையில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது, தவிர்க்கிறோம். பழம், சோறு, பருப்பு, நாய்த் தீனி கூடவே கூடாது. நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் மீனின் ஓடு தருவார்கள். ஒரு துண்டைக் கொட்டிலில் போட்டு வைத்தால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். சிறுநீரோடு வெள்ளையாக ஒன்று வரும், பயப்பட வேண்டாம். அது மணல்போல நறநறவென்று இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

ஆனி, ஆடிதான் கஷ்டமான மாதங்கள். வெறும் குளிரை ஓரளவு தாங்கும், வெறும் ஈரத்தையும் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் நுரையீரலில் சளி பிடித்துக்கொள்ளும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இரண்டில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த மாதங்களில் கொட்டிலுக்குள் வெளிச்சமில்லாத சூடு பல்பு ஒன்றை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு மாட்டுகிறோம். கரண்ட் போகிற இரவுகளில் வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுவோம். இப்போதைய எடையில் அதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது.

மாடு வளர்க்கிற வீடுகள் இதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணிக்காகப் போடுகிற ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம், உயிரே போகும். பக்கத்தில் மருந்து இருக்கிறது, பூச்சிக்குத்தானே என்று யாரும் ஊசி போட விடக்கூடாது. ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர் எங்களுக்குத் திருச்சூர் பக்கம்தான் கிடைத்தார். ஆமையைக் கொண்டுவரும் முன்பே அப்படி ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் எழுந்தது. "ஏங்கண்ணு, வேற எதுவுமே கிடைக்கலையா?" என்று அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, முதல் நாள் கேட்டார். பெருமாள் கூர்மமாக வந்தவர்தானே என்று அம்மாதான் சமாதானம் சொன்னார். கொஞ்ச காலம் கழித்துச் செம்பருத்தி பறித்து வைக்கிற வேலையை அம்மிச்சியே எடுத்துக்கொண்டார்.

எங்களுடையது ஆண். கழுத்துக்குக் கீழே ஓடு கொம்புபோல நீண்டுவிட்டது, வாளி, பூந்தொட்டி எது குறுக்கே இருந்தாலும் முட்டித் தள்ளுகிறது. இரண்டு ஆணை ஒரே இடத்தில் விட்டால் சண்டை நிச்சயம், எனவே துணைக்கு ஒன்று வாங்குகிற எண்ணம் இல்லை. நன்றாக வளர்ந்தால் 45 கிலோவைத் தாண்டும், எழுபது வருடத்துக்கு மேலும் வாழும். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இது ஏற்ற விலங்கே இல்லை. தோட்டம் இருப்பவர்களும் கடையில் குஞ்சு வாங்குவதைவிட, வைத்துக்கொள்ள முடியாமல் யாராவது தருகிற ஆமையை ஏற்றுக்கொண்டால் ஒரு உயிருக்கு வழி பிறக்கும். எங்களுக்குப் பிறகு யார் என்று இப்போதே பேசிவிட்டோம். அக்கா மகனுக்கு வேலந்தாவளத்தில் நிலம் இருக்கிறது, மழைக்காலத்தில் ஒரு வாரம் இங்கே தங்கி எல்லா வேலையும் கற்றுக்கொண்டான். நேரம் வரும்போது பதிவையும் அவன் பேருக்கு மாற்றித் தருவதாக ஏற்பாடு.