பிஎஸ்பிபி: ஆய்வேட்டுக்குப் போதும், ஆனால் வேரியபிள் வியூவில் அவசரம் கூடாது

வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் மாடி மாடியாக ஏறி இறங்கிக் கேள்வித்தாள் நிரப்பிய முதுகலை மாணவருக்கு அடுத்து வந்து நிற்பது எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் உரிம விலை. திருட்டுப் பிரதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் உருவாக்கும் க்னூ திட்டத்தின் பிஎஸ்பிபி அதே வேலையைச் செய்கிறது, இலவசம், உரிமம் காலாவதி ஆகாது, எஸ்பிஎஸ்எஸ்ஸின் எஸ்ஏவி தரவுக் கோப்பையும் திறக்கும். அலைவெண் அட்டவணை, கை-வர்க்கச் சோதனை, டி-சோதனை, ஒருவழி அனோவா, ஒட்டுறவு, தொடர்புப்போக்கு எல்லாம் உண்டு. ஆய்வேட்டுக்கு இது தாராளம்.

விவரங்களை ஏற்றும் முன், ஒவ்வொரு மாறியின் பெயரையும் வகையையும் குறிக்கும் வேரியபிள் வியூ திரையில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். பாதிப் பிழைகள் பிறப்பது அங்கேதான். 1946-ல் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் அளவைகளைப் பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பிரித்தார். இங்கே மெஷர் பத்தியில் நாமினல், ஆர்டினல், ஸ்கேல் என மூன்றுதான். ஸ்டீவன்ஸின் இடைவெளியும் விகிதமும் ஸ்கேலில் அடங்கும். குடிசைக்கு 1, ஓட்டு வீட்டுக்கு 2, வாரியக் குடியிருப்புக்கு 3 என்று குறியீடு கொடுத்தால் அது நாமினல். ஆனால் அதற்குச் சராசரி கேட்டாலும் 2.3 என்று மென்பொருள் தடுக்காமல் போட்டுத் தரும். அப்படி ஒரு வீடு எங்கேயும் கிடையாது.

அதே திரையில் மிஸ்ஸிங் வேல்யூஸ் பத்தியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பதில் சொல்லாதவருக்கு 99 போடுவது வழக்கம். பிள்ளைகள் எண்ணிக்கை 1, 2, 3, 99 என்று நான்கு வீடுகள் இருந்து, 99-ஐ விடுபட்ட மதிப்பாக அறிவிக்காவிட்டால் சராசரி 26.25. அறிவித்தால் 2.

வருமானத்துக்கு மீடியன், அதாவது இடைநிலை வேண்டும். ஃபிரீக்வென்சீஸ் பெட்டியில் அது தானாக வராது, டிக் செய்ய வேண்டும். 12,000, 14,000, 15,000, 18,000, 91,000 என ஐந்து குடும்பங்கள் இருந்தால் சராசரி 30,000, இடைநிலை 15,000. முதல் எண்ணை மட்டும் ஆய்வேட்டில் எழுதினால் ஐந்தில் நான்கு வீடுகளின் நிலை மறைந்துபோகும். காசிமேட்டு மீனவக் குடும்பங்களிடம் இதற்கும் முன்னால் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. ஜூன் மாதம் போய் ‘போன மாத வருமானம்’ கேட்டால் தடைக்கால வருமானம்தான் பதிவாகும். அதை எந்தச் சோதனையாலும் சரிசெய்ய முடியாது. கேள்வியையே மாற்றி, தடைக்காலம், மற்ற காலம் என்று பிரித்துக் கேட்க வேண்டும். தண்ணீரைக் குடக் கணக்கில் கேட்பவர்கள் குடத்தின் கொள்ளளவையும் லிட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு குடம் ஒரே அளவில் இருக்காது.

மனப்பான்மை அளவுகோலுக்கு ரிலையபிலிட்டி மெனு க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) தருகிறது, ஒரு கேள்வியை நீக்கினால் அது என்ன ஆகும் என்பதும் வரும். ஆல்ஃபா திடீரென்று மிகக் குறைவாகவோ எதிர்க்குறியிலோ வந்தால் முதலில் எதிர்மறை வாக்கியங்களைப் பாருங்கள். ஐந்து புள்ளி அளவில் கம்ப்யூட் வழியாக 6-லிருந்து அந்த மதிப்பைக் கழித்துப் புதிய மாறி உருவாக்கி, பழையதுக்குப் பதில் அதைச் சேர்த்துத் திரும்ப ஓட்டுங்கள். கை-வர்க்கச் சோதனைக்கான கிராஸ்டாப்ஸ் பெட்டியில் செல்ஸ் பொத்தானை அழுத்தி எக்ஸ்பெக்டட் தேர்ந்தெடுப்பது கட்டாயம். எதிர்பார்ப்பு எண் (இரு மாறிகளுக்கும் தொடர்பே இல்லாவிட்டால் கட்டத்தில் வர வேண்டிய எண்ணிக்கை) 5-க்குக் கீழே உள்ள கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த முடிவை நம்பக் கூடாது. பொருள் பொருந்துகிற வகைகளை ஒன்றாக்குங்கள்.

குறைகள் உண்டு. வரைபடங்கள் சுமார் ரகம்; லிப்ரே ஆபிஸ் கால்க்கில் வரைந்துகொள்வது மேல். பலநிலை மாதிரிகள், கட்டமைப்புச் சமன்பாடுகள் தேவைப்படுகிற முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் பக்கம்தான் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஓகே-வுக்குப் பதில் பேஸ்ட் அழுத்தினால் கட்டளை வரிகள் தனிக் கோப்பில் சேரும். வழிகாட்டி இன்னும் பத்துக் கேள்வித்தாள் சேர்க்கச் சொல்லும்போது அந்தக் கோப்பை ஓட்டினால் எல்லா அட்டவணையும் புதிதாக வந்துவிடும்.