பென்சிலால் கோடு வரைந்து அனுப்பச் சொன்னார்கள். 6,850 ரூபாய் போயிற்று

இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளும் சிறிய கைத்துப்பாக்கிக்கு உறை வாங்க எண்ணியிருக்கும் உரிமதாரர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் உறை வாங்கி ஏமாந்த இணையக் கடையிலிருந்து நேற்று மாலை கடைசிப் பதில் வந்தது. அதற்குப் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். 6,850 ரூபாய் போனது போனதுதான். இரவெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை; விடிவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப்பட்ட உறையைத் தேர்ந்தெடுப்பது என்பதையும் முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் நெல் வாங்கி ஆலைகளுக்கு அனுப்புகிறவன். சம்பா அறுவடையின்போது களத்திலேயே பணத்தை எண்ணிக் கொடுத்தால்தான் எங்களுக்கு நெல் கிடைக்கும். கொள்முதல் நிலையத்தில் நாள்கணக்கில் காத்திருக்க முடியாமல் வியாபாரியிடம் வருகிற விவசாயியிடம் நாளைக்கு வங்கியில் போடுகிறேன் என்று சொன்னால், அவர் அடுத்த வியாபாரிக்கு ஆள் அனுப்பிவிடுவார். ஆகவே பணப்பையோடு வயல்வெளிச் சாலைகளில் இருட்டிய பின்னும் போய்வர வேண்டியிருக்கிறது. என் தகப்பனார் இதற்காகவே உரிமம் பெற்று வைத்திருந்த 0.32 பிஸ்டல், அவர் காலமான பிறகு முறைப்படி விண்ணப்பித்து என் உரிமத்தில் ஏறியது. நம் நாட்டு அரசுப் படைக்கலத் தொழிற்சாலையில் செய்தது அது.

அதற்கு அப்பா தஞ்சாவூரில் தைத்து வாங்கிய தோல் உறை ஒன்று இருந்தது. ஒருமுறை ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள் முழுவதும் பிஸ்டலை அதற்குள்ளேயே விட்டுவைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது, உறையின் தையல் படிந்திருந்த இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு துருக்கோடு ஓடியிருந்தது. தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். சுமக்கும்போது மட்டும் உறை, வீட்டில் பூட்டி வைக்கும்போது உறைக்கு வெளியே என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அந்த உறை தளர்ந்தும் போயிருந்தது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முழுவதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. எனவே புதிய உறை எனக்கு ஆடம்பரம் இல்லை.

இதில் எங்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு. நாங்கள் வேட்டி கட்டுகிறவர்கள். வேட்டிக்கு மேல் போடும் பச்சை பெல்ட் நான்கு விரற்கடை அகலம். சந்தையில் கிடைக்கும் உறைகளின் கொக்கியோ, கால்சட்டைக்குப் போடும் ஒன்றரை அங்குல பெல்ட்டுக்காகச் செய்தது. கெட்டியான பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சில் வார்க்கும் உறைகள் நல்லவைதான். ஆனால் எந்த பிஸ்டலுக்கு வார்த்தார்களோ அதற்கு மட்டுமே அவை பொருந்தும். நான் பார்த்த வரையில் எல்லாம் வெளிநாட்டு பிஸ்டல்களுக்கு வார்த்தவையாகவே இருந்தன.

இப்படித் தேடிக்கொண்டிருந்த மார்கழியில்தான், கைபேசியில் அந்த விளம்பரம் வந்தது. ஆயுத உறைகளை மட்டுமே செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் இணையக் கடை அது. பெயரை இங்கே எழுதவில்லை. எந்தத் துப்பாக்கிக்கும் அளவெடுத்துக் கையால் தைத்துத் தருவோம் என்று போட்டிருந்தார்கள். அழைத்தேன். எடுத்தவர் அவசரமே இல்லாமல், நல்ல தமிழில், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். வலக்கையா இடக்கையா, உட்கார்ந்து வண்டி ஓட்டும் நேரம் அதிகமா, தொப்பை உண்டா, இடுப்பின் முன்பக்கம் வைப்பீர்களா பக்கவாட்டிலா, சட்டையை உள்ளே விடுவீர்களா வெளியே விடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதுபோல் இடையிடையே நிறுத்தினார். வேட்டி என்று சொன்னதும் சிரிக்காமல், “பெல்ட் அகலத்தை டேப் வச்சு அளந்து சொல்லுங்க சார்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். இத்தனை நாளில் என் பெல்ட்டின் அகலத்தைக் கேட்ட முதல் மனிதர் அவர்.

பிறகு, துப்பாக்கியைக் காலியாக்கித் தாளின்மேல் படுக்கவைத்துப் பென்சிலால் சுற்றுக்கோடு வரைந்து, டிரிக்கர் இருக்கும் இடத்தைக் குறித்து, பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எடைச்சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிறுபிள்ளை கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் பார்த்துப் பார்த்து வரைந்தேன். கை நடுங்கிய இடத்தில் அழித்துவிட்டு மீண்டும் வரைந்தேன். மகன்தான் படம் எடுத்து, தன் வாட்ஸ்அப்பிலிருந்து அனுப்பினான். உறைக்கு 5,900 ரூபாய், அளவுக்கேற்ற வடிவமைப்புக்கு 950 ரூபாய், ஆக 6,850 ரூபாயை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்றார்கள். பொருளைக் கண்ட பின் பணம் என்பது அளவெடுத்துச் செய்வதற்குக் கிடையாதாம். நியாயமாகத்தான் பட்டது. சட்டப்படி வேண்டும் என்று உரிமத்தின் நகலையும் கேட்டார்கள். அதையும் அனுப்பினேன். இந்த மடத்தனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பொட்டலம் வந்தது. உள்ளே இருந்தது தோலே இல்லை. பஞ்சு வைத்துத் தைத்த ரெக்சின். என் பிஸ்டலை உள்ளே விட்டால் குழல் முனைக்குக் கீழே இரண்டு விரல் அளவுக்கு இடம் மிஞ்சியது. எதோ ஒரு பெரிய பிஸ்டலுக்காக மொத்தமாக வெட்டித் தைத்தவற்றில் ஒன்று அது. கொக்கி ஒன்றரை அங்குலம். நான் அளந்து சொன்ன பெல்ட்டில் அது ஏறவே இல்லை.

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேல்மூடியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்த்த பின், மெத்தைக்கு மேல் உறையைக் கவிழ்த்தேன். ஆட்டவே வேண்டியிருக்கவில்லை, பிஸ்டல் தானாக நழுவி விழுந்தது. சரி, இடுப்பில் இருந்தால் உடம்பின் அழுத்தத்தில் நிற்குமோ என்று வேட்டிக்குள் சொருகிப் பார்த்தேன். பிஸ்டலை வெளியே எடுத்ததும் உறையின் வாய் தொப்பைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நசுங்கி மூடிக்கொண்டது. திரும்ப உள்ளே தள்ளியபோது, மடங்கிய ரெக்சின் விளிம்பு டிரிக்கர் வளையத்துக்குள் புகுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. இன்னும் சற்று அழுத்தினேன். டக்கென்று ஓர் ஓசை கேட்டது.

வெற்றுத் துப்பாக்கிதானே என்று பாதுகாப்புப் பொத்தானைப் போடாமல் விட்டிருந்தேன். அது என் தவறு. ஆனாலும் குழலுக்குள் தோட்டா இருந்திருந்தால் அது என் தொடைக்குள் இருந்திருக்கும். அறை வாசலில் காப்பியோடு நின்ற என் மனைவி ஒன்றும் பேசாமல் டம்ளரை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

அன்றே அழைத்தேன். அதே இனிய குரல்: “புதுசுல லூசாத்தான் இருக்கும் சார், போடப் போட இறுகிடும்.” புதிதாக இருக்கையில் இறுக்கமாக இருந்து போகப்போகத் தளரும் என்பது செருப்பு வாங்கிய எவருக்கும் தெரியும், தளர்ந்தது தானாக இறுகும் என்று என் வாழ்நாளில் இப்போதுதான் கேட்கிறேன். மூன்றாம் நாள் வேறொருவர், பொட்டலத்தைப் பிரித்தபோது எடுத்த காணொளி இருக்கிறதா என்றார். பொட்டலம் பிரிப்பதையெல்லாம் யாராவது காணொளி எடுப்பார்களா என்று கேட்டதற்கு, இல்லையென்றால் புகாரைப் பதிவு செய்ய இயலாது என்றார். அடுத்த வாரம், அளவு கொடுத்துச் செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒரு வரி வந்தது. நான் கொடுத்த அளவில் எந்த அளவு இந்த உறையில் இருக்கிறது, ஒன்றைக் காட்டுங்கள் என்று திருப்பி எழுதினேன். பதில் இல்லை. பிறகு, ஐந்து நட்சத்திரம் கொடுத்து நல்லபடியாக நான்கு வரி எழுதினால் அடுத்த கொள்முதலில் 500 ரூபாய் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். 6,850 ரூபாயை விழுங்கியவர்கள் இன்னொரு உறை வாங்குவதற்கு எனக்கு 500 ரூபாய் தருகிறார்களாம்! நேற்று மாலை வந்த கடைசிப் பதில், “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்பதுதான்.

ஒன்றை நேற்றிரவுதான் கவனித்தேன். நான் வரைந்து, மகன் அனுப்பிய படத்தை அவர்கள் திறந்து பார்க்கவே இல்லை. மகனின் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்திக்குக் கீழே இரண்டு குறிகளும் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன. என் கைபேசியிலிருந்து அனுப்பிய பண ரசீது மட்டும் நீலமாகியிருக்கிறது. அந்தக் கேள்விகள் எல்லாம் என் உறைக்காகக் கேட்டவை அல்ல, என்னை நம்பவைக்கக் கேட்டவை.

பணத்தைவிட என்னை உறுத்துவது உரிமத்தின் நகல். அதில் என் படம், முகவரி, தனி அடையாள எண், ஆயுதத்தின் எண் எல்லாம் இருக்கின்றன. எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது முகம் தெரியாத யாரோ ஒருவரின் கைபேசியில் இப்போது கிடக்கிறது. உறை என்பது வெறும் பை. அது ஆயுதமும் அல்ல, தோட்டாவும் அல்ல. அதை வாங்க உரிமத்தைக் காட்ட வேண்டியதில்லை. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், வெளுத்துவிட்டது, நேரமில்லை. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்பதை வாங்க வேண்டாம். டிரிக்கரை முழுவதும் மூடாத உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மூடும் பகுதி விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. பிஸ்டலை வெளியே எடுத்த பின்னும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். வெற்றுத் துப்பாக்கியை வைத்து மெத்தைமேல் கவிழ்த்து ஆட்டிப் பாருங்கள். வேட்டி கட்டுகிறவர்கள் பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போய் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் நேற்றே பதிந்துவிட்டேன். மாவட்ட ஆணையத்திலும் மனுக் கொடுக்கப் போகிறேன். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. அதனால்தான் கடையின் பெயரை எழுதவில்லை, தனிச்செய்தியில் கேட்க வேண்டாம். இன்று வடுவூர்ப் பக்கம் ஒரு களத்துக்குப் பணம் கொண்டுபோக வேண்டும். பிஸ்டல் பீரோவில் பூட்டியிருக்கிறது. துணைக்கு மைத்துனரை வரச் சொல்லியிருக்கிறேன்.